பரங்கிக்காய் பறந்த வயல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில் டெலவேர் என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியாகிய சசெக்ஸ் மாவட்டம் மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் அங்கே முக்கியப் பயிர்கள். கோழிப் பண்ணைகள் மிகுந்த மாவட்டம் அது. ஆகவே வயலில் விளைவது பெரும்பாலும் கோழித் தீவனமாகிவிடுகிறது. அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும்போது, அறுவடையான வயல்கள் வெறுமையாகக் கிடக்கும்.

1986-ஆம் ஆண்டில், லூயிஸ் என்ற ஊரின் பக்கத்தில், நண்பர்கள் சிலர் கூடி ஒரு பந்தயம் வைத்தார்கள். கையால் எறியக்கூடாது, தாமே செய்த பொறியைக் கொண்டு பரங்கிக்காயை எறிய வேண்டும். யாருடைய காய் அதிகத் தொலைவு செல்கிறதோ அவர் வென்றவர். அன்று வென்ற காய் சென்ற தொலைவு 200 அடிக்கும் குறைவு. ஆண்டுதோறும் நடந்து வளர்ந்த அதே போட்டியில், 2013-ஆம் ஆண்டில் வென்ற காய் 4,694 அடி பறந்தது. ஏறத்தாழ 1,431 மீட்டர்! 27 ஆண்டுகளில் தொலைவு 20 மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. இரண்டு மூன்று குழுக்கள் கூடிய இடத்தில் பல்லாயிரம் மக்கள் திரண்டார்கள். தொலைக்காட்சியும் வந்தது. வட்டாரப் பேச்சுவழக்கில் 'பங்கின் சங்கின்' என்று இதற்குப் பெயர். 'பரங்கிக்காய் வீச்சு' என்று நாம் சொல்லலாம்.

வேடிக்கை விளையாட்டுத்தானே, இதற்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எறிபொறிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கண்ட வளர்ச்சி முழுவதும் இந்த வயலில் முப்பது ஆண்டுகளுக்குள் திரும்ப நடந்தது என்பது ஒரு காரணம். அந்த வளர்ச்சி எங்கே முட்டி நின்றது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பண்ணை வைத்திருக்கும் ஒருவர் இந்தப் போட்டியைக் காணச் சென்றால் மூன்று கேள்விகள் கேட்பார். காய் என்ன ரகம்? பொறி எப்படி வேலை செய்கிறது? வயல் யாருடையது? நாமும் அதே வரிசையில் செல்வோம்.

காயின் கதை

பரங்கி அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய பயிர். மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் உள்ள ஒரு குகையில் கிடைத்த விதைகளையும் காம்புகளையும் ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் இதைப் பயிரிட்டனர் என்று முடிவு செய்துள்ளனர். அந்த நாட்டில் மக்காச்சோளம் பயிராவதற்கும் முற்பட்ட காலம் அது. கடல் கடந்து வந்த காய் என்பதை நம் மொழியும் மறக்கவில்லை. ஐரோப்பியரை நம் முன்னோர் பரங்கியர் என்று அழைத்தனர். அவர்களோடு வந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று.

அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் நாள் 'ஹாலோவீன்' என்ற விழா. அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்து இந்நாளைக் கொண்டாடி வந்தனர். அமெரிக்காவில் குடியேறியபோது, குடைவதற்கு இன்னும் எளிதான பரங்கிக்காய் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று இவ்விழாவுக்காகவே ஏராளமான நிலத்தில் அலங்காரப் பரங்கி பயிராகிறது. நவம்பர் முதல் நாள் விடிந்ததும் அந்தக் காய்க்குச் சந்தை இல்லை. மிஞ்சியதைக் கால்நடைகளுக்குப் போடுவார்கள் அல்லது வயலிலேயே உழுதுவிடுவார்கள். போட்டி நவம்பர் முதல் வாரத்தில் நடந்ததற்கு இதுவும் பொருத்தமாக அமைந்தது. உணவுப்பொருளை இப்படி வீசுவது முறையா என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பே. ஒரு குழு நாளொன்றுக்கு ஒரு காய் வீதம் மூன்று நாள்தான் எறிந்தது. போட்டியில் திரண்ட பணத்தின் ஒரு பகுதி மாணவர் உதவித்தொகைக்கும் அறப்பணிகளுக்கும் சென்றது.

போட்டிக்காயின் எடை 8 முதல் 10 பவுண்டு. அதாவது சுமார் 3.6 முதல் 4.5 கிலோகிராம். சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு காய் இதற்கு உதவாது. காஸ்பர், லூமினா, லா எஸ்திரெல்லா போன்ற தடித்த தோலுள்ள ரகங்களையே பெரிய பொறிக்காரர்கள் நாடினார்கள். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

முறுக்கிய கயிறும் தொங்கிய எடையும்

போட்டியில் பல பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு பிரிவும் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு காலகட்டம்.

முதலாவது, முறுக்கு விசைப் பொறி. கயிற்றுக் கற்றைக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகித் திருகினால் கயிறு முறுக்கேறும். விட்டால் கட்டை வேகமாகத் திரும்பும். விலங்குகளின் தசைநாரையும் மயிரையும் திரித்து, இந்த முறையில் கல் எறியும் பொறிகளைக் கிரேக்கர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே செய்தனர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டினரான பைலோ என்ற பொறிஞர் இதற்கு ஒரு கணக்கும் எழுதி வைத்தார். எறிய வேண்டிய கல்லின் எடையை 'மினா' என்ற அளவில் எடுத்து, அதை 100-ஆல் பெருக்கி, கனமூலம் கண்டு, அத்துடன் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். கிடைப்பது கயிற்றுக் கற்றையின் விட்டம், விரலளவில்.

இதை நம் பரங்கிக்காய்க்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மினா சுமார் 436 கிராம். ஆகவே போட்டிக்காய் ஏறத்தாழ 10 மினா. 100-ஆல் பெருக்கினால் 1,000, கனமூலம் 10, பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 11 விரல். கிரேக்க விரலளவு ஏறக்குறைய 1.9 சென்டிமீட்டர். ஆக, சுமார் 21 சென்டிமீட்டர் பருமனுள்ள கயிற்றுக் கற்றை தேவை. எடை எட்டு மடங்கானால் கற்றையின் விட்டம் இரு மடங்கானால் போதும் என்பது இந்தக் கணக்கின் உட்பொருள். பொறியின் அளவை அளந்தறிந்து வகுத்த மிகப் பழைய சூத்திரங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, எதிர் எடைப் பொறி. கிணற்று ஏற்றத்தை எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு தாங்கியின் மேல் நீண்ட மரம். ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை. நெட்டைக் கையின் நுனியில் ஒரு கவண் தொங்கும். சீனர்கள் கி.மு. 4-ஆம் நூற்றாண்டளவில் இத்தகைய பொறியைப் பயன்படுத்தினர். குட்டைக் கையில் கட்டிய கயிறுகளை ஆட்கள் சேர்ந்தாற்போல் இழுப்பார்கள். இந்த முறை மெல்ல மேற்கே பரவி, கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தியதரைக் கடல் நாடுகளை எட்டியது. ஆட்களுக்குப் பதிலாகப் பெரும் எடையைத் தொங்கவிடும் முறை 12-ஆம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. சலாதீன் மன்னருக்காகத் தர்சூசி என்பவர் எழுதிய படைக்கல நூலில் அதன் விவரம் உள்ளது. 1273-இல் மங்கோலியர் சீனாவின் சியாங்யாங் நகரைப் பிடித்தபோது, மேற்காசியாவிலிருந்து வரவழைத்த பொறிஞர்கள் அமைத்த எதிர் எடைப் பொறிகளே அந்நீண்ட முற்றுகையை முடித்து வைத்தன. 1304-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையின் முன் 'போர் ஓநாய்' என்ற மாபெரும் பொறியைக் கட்டினார். கோட்டையில் இருந்தவர்கள் பணிய முன்வந்தும், பொறியைச் சோதித்துப் பார்த்த பிறகே மன்னர் அதை ஏற்றுக்கொண்டார் என்பர்.

இதன் இயக்கம் எளிது. உயரத்தில் இருக்கும் எடை, நிலை ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. விழும்போது அது நெட்டைக் கையைச் சுழற்றுகிறது. கை கவணைச் சுழற்றுகிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கவணும் இந்தக் கவணும் ஒரே தத்துவத்தில் அமைந்தவை. சுழலும் ஆரம் நீளும்போது நுனியின் வேகம் கூடுகிறது. உரிய கணத்தில் கவணின் ஒரு முனை கொக்கியிலிருந்து நழுவும், காய் விடுபடும். அந்தக் கணம் சற்று முந்தினால் காய் நேர் மேலே போகும். இன்னும் முந்தினால் பின்பக்கமே பாயும். பிந்தினால் எதிரே தரையில் மோதும். டெலவேரில் 2013-ஆம் ஆண்டில் இவ்வகைப் பொறி ஒன்று 2,835 அடிக்குக் காயை எறிந்தது. ஏறத்தாழ 864 மீட்டர். மரத்தாலும் எடையாலும் இயங்கிய பழங்காலப் பொறிகள், இந்தக் காயைவிடப் பன்மடங்கு கனமான கற்களை வீச வேண்டியிருந்தது. அவை எட்டிய தொலைவு இதைவிட மிகக் குறைவு.

காற்றின் வலிமை

போட்டியின் முதல் ஆண்டுகளில் சுருள்வில்லும் கவணும் சுழல்கையுமே முன்னணியில் இருந்தன. 1990-களின் நடுவில் நிலைமை மாறியது. அழுத்தக் காற்றுப் பீரங்கி வந்து சேர்ந்தது.

இதுவும் புதிய எண்ணம் அன்று. காற்றை அழுத்தி அதன் மீள்விசையால் எறியும் ஒரு பொறியை அலெக்சாந்திரியாவின் டெசிபியஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தார். 1890-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'வெசூவியஸ்' என்ற கப்பலில் மூன்று காற்றுப் பீரங்கிகள் இருந்தன. டைனமைட் போன்ற வெடிமருந்து நிறைந்த குண்டை வெடியுப்பால் சுட்டால், அதிர்ச்சியில் அது குழலுக்குள்ளேயே வெடித்துவிடும் என்ற அச்சம் அப்போது இருந்தது. அழுத்தக் காற்று அதிர்ச்சியின்றி மெல்லத் தள்ளும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தனர். 1898-இல் கியூபாவின் சாந்தியாகோ நகரின்மீது அக்கப்பல் குண்டு வீசியது. பின்னர் அதிர்ச்சி தாங்கும் வெடிமருந்துகள் வந்ததும் காற்றுப் பீரங்கி மறைந்தது.

டெலவேர் வயலில் அது மறுபிறவி எடுத்தது. போட்டி விதி வெடிமருந்தைத் தடை செய்திருந்தது. காற்றைத் தடை செய்யவில்லை. ஒரு பெரிய உருளைத் தொட்டி, அதில் காற்றை நிரப்ப ஒரு எஞ்சின், சட்டென்று திறக்கும் ஒரு வால்வு, 100 அடி நீளத்துக்கும் குழல். இவற்றைச் செய்தவர்களில் பலர் பற்றவைப்பவர்கள், எந்திரம் பழுது பார்ப்பவர்கள், விவசாயிகள். பழைய இரும்புக் கிடங்குகளில் கிடைத்ததைக் கொண்டே பல பொறிகள் உருவாயின. 1998-ஆம் ஆண்டில் காய் 4,000 அடியைத் தாண்டியது. கவண்பொறிகள் எட்ட முடியாத தொலைவு இது.

தோல் தாங்குமா?

இப்போது காய் ரகத்தின் மர்மம் விளங்கும். குழலின் நீளம் 30 மீட்டர் என்றும், காய் வெளியேறும் வேகம் விநாடிக்கு 200 மீட்டர் என்றும் வைத்துக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 40,000-ஐ 60-ஆல் வகுக்க, சுமார் 667. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஆகவே குழலுக்குள் காய் தன் எடையைப்போல் 68 மடங்கு விசையை ஏற்கிறது. 4 கிலோ காய்க்கு, 270 கிலோ மூட்டையை மேலே வைத்த நிலை!

பரங்கிக்காயின் உட்புறம் வெற்றிடமும் விதையும் நாருமாக இருக்கிறது. முன்பக்கச் சதையின் சுமை முழுவதும் ஓட்டின் வழியாகவே பின்பக்கத்துக்கு இறங்க வேண்டும். ஓடு தாங்காவிட்டால் காய் குழலின் வாயிலேயே சிதறும். விதிப்படி, காய் தரையைத் தொடும்வரை முழுதாக இருக்க வேண்டும். சிதறிய காயை அவர்கள் 'பை' என்பர். பரங்கிக்காயில் செய்யும் ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயர் அது. அந்த வீச்சுக்குத் தொலைவு எழுதப்படாது. ஆகவே இன்னும் அதிக அழுத்தம் கொடுத்தால் வெற்றி என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை. எந்திரத்துக்கு எல்லை வருமுன் காய்க்கு எல்லை வந்துவிட்டது. பெரிய குழுக்கள் நல்ல எஞ்சினைத் தேடிய அக்கறையோடு நல்ல விதையையும் தேடினார்கள்.

குழலை விட்ட பின் இன்னொரு பகை காத்திருக்கிறது. 45 பாகைச் சாய்வில் எறிந்தால் அதிகத் தொலைவு செல்லும் என்று 1537-இல் தார்த்தாக்லியா எழுதினார். எறிபொருளின் பாதை பரவளைவு என்று 1638-இல் கலீலியோ நிறுவினார். இரண்டும் காற்றில்லாத வெளிக்கு உரியவை. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும் பரங்கிக்காயைக் காற்று பின்தள்ளும் விசை, அக்காயின் எடையையே மிஞ்சிவிடும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். காற்றில்லாவிட்டால் 200 மீட்டர் வேகத்துக்கு 4 கிலோமீட்டர் போயிருக்க வேண்டிய காய், ஒன்றரைக் கிலோமீட்டரைக்கூட எட்டத் திணறுவது இதனால்தான். தடை மிகுந்திருப்பதால் சாய்வையும் 45 பாகைக்குக் கீழே வைப்பதே நல்லது.

ஒரு மைல், அதாவது 5,280 அடி என்பது போட்டிக்காரர்களின் கனவு. கடல் மட்டத்தை ஒட்டிய டெலவேரில் அது கைகூடவில்லை. 2010 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் மோவாப் நகருக்கு அருகில் ஒரு காற்றுப் பீரங்கி 5,545 அடி எறிந்து உலகச் சாதனை ஏட்டில் இடம் பெற்றது. மோவாப் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி 10 சதவிகிதத்துக்கு மேல் குறைவு. பொறியின் திறமையோடு மெல்லிய காற்றும் கைகொடுத்தது.

வயல் யாருடையது?

மூன்றாம் கேள்விக்கு வருவோம். காய் 200 அடி போனபோது ஒரு சிறு கொல்லை போதுமானது. 1,400 மீட்டர் போனபோது, அத்தனை நீளத்துக்கும் வீடோ சாலையோ இல்லாத நிலம் தேவைப்பட்டது. சாதனை வளர வளரப் போட்டி பெரிய வயல்களைத் தேடி நகர்ந்தது. 2007 முதல் பிரிட்ஜ்வில் என்ற ஊரின் அருகில் ஒரு பண்ணை நிலத்தில் நடந்தது.

பண்ணைக்காரர் ஒருவர் அங்கே போய் நின்றால், பீரங்கிக் குழலை அண்ணாந்து பார்த்த பின் குனிந்து மண்ணைப் பார்ப்பார். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஈர மண்ணில் ஏறி இறங்கினால் மண்ணின் நுண்துளைகள் நசுங்கும். நீரும் காற்றும் உள்ளே போகாது. அடுத்த பருவத்தில் பயிரின் வேர் அந்த இறுகிய அடுக்கை முட்டி நிற்கும். உடைந்து சிதறிய காய்களின் விதைகள் மறுபருவத்தில் களையாக முளைக்கவும் கூடும். ஆனாலும் நிலத்தைக் கொடுத்தார்கள். ஊரின் பெருமை என்று கருதினார்கள். உழவும் உரமும் சரிசெய்துவிடக் கூடிய இழப்புகள் இவை.

சரிசெய்ய முடியாத இழப்பு வேறு. 2011-ஆம் ஆண்டுப் போட்டியில், வயலில் ஓடும் சிறு வண்டியில் சென்ற தொண்டர் ஒருவர் விபத்தில் படுகாயமுற்றார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் போட்டிச் சங்கத்தோடு நில உரிமையாளரும் பிரதிவாதி ஆனார். 2013-க்குப் பிறகு நிலம் கிடைக்கவில்லை. 2014-இலும் 2015-இலும் போட்டி நடைபெறவில்லை. காப்பீடு கிடைப்பதே பெரும் சிக்கலாயிற்று. 2016 நவம்பரில் மறுபடியும் பிரிட்ஜ்வில்லில் கூடினார்கள். நவம்பர் 6-ஆம் நாள், காற்றுப் பீரங்கி ஒன்று இயங்கியபோது அதன் உலோகப் பகுதி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து, தொலைக்காட்சிப் பணிக்காக வந்திருந்த பெண் ஒருவரின் தலையில் பாய்ந்தது. அவர் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். மறுபடி வழக்கு, மறுபடி நிறுத்தம். 2019-இல் போட்டி டெலவேரை விட்டு, இல்லினாய் மாநிலத்தின் ரன்டூல் நகரில் உள்ள பழைய விமானப்படைத் தளத்துக்குப் போயிற்று. பயிர் நிலத்தில் பிறந்த விளையாட்டு, பயிரில்லாத நிலத்தைத் தேட வேண்டியதாயிற்று.

அழுத்தக் காற்று ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். நீரை எவ்வளவு அழுத்தினாலும் அது மிகச் சிறிதே சுருங்கும். ஆகவே அதில் தேங்கும் ஆற்றல் குறைவு. காற்று நன்றாகச் சுருங்கும். அழுத்திய அத்தனை வேலையும் அதற்குள் தேங்கி நிற்கும். தொட்டிகளைச் சோதிப்பவர்கள் காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்பிச் சோதிப்பது இதனால்தான். நீர்த்தொட்டி விரிசல் கண்டால் கசியும். காற்றுத்தொட்டி விரிசல் கண்டால் வெடிக்கும். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் 4 கிலோ காயின் இயக்க ஆற்றல் 80,000 ஜூல். ஒரு டன் எடையை 8 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்கு அது சமம். தொட்டியில் தேங்கியது அதைவிட அதிகம். அந்த ஆற்றலுக்குக் காய் எது, இரும்பு எது என்று தெரியாது. எந்த இணைப்பு வலுவற்றதோ அதன் வழியே அது வெளியேறும்.

பழங்காலப் பொறிஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தனர். அவர்களுடைய எறிபொறி தவறினால் முதலில் மாண்டவர் அதை இயக்கியவரே. இந்த வயலில் பொறியை இயக்கியவர் ஒருவர், அருகில் நின்றவர் வேறொருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாமவர். ஆற்றலைத் தேக்குபவர் ஒருவரும் அதன் விளைவை ஏற்பவர் வேறொருவருமாக இருக்கும்போது, பாதுகாப்பு விதியை யார் வகுப்பது, தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தே தீரும். பரங்கிக்காயின் பயணத்துக்குக் காயின் தோலும் காற்றின் தடையும் எல்லை வகுத்தன. போட்டியின் பயணத்துக்கு எல்லை வகுத்தது இந்தக் கேள்வியே.

பள்ளிகளில் குச்சியும் நூலும் கொண்டு எதிர் எடைப் பொறி செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. நெம்புகோல், ஆற்றல் மாற்றம், எறிபொருளின் பாதை ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் கற்கலாம். எறிவதற்கு ஒரு சுண்டைக்காய் போதும். கவண் எந்தக் கணத்தில் விடுபடும் என்பது முதல் முயற்சியில் எவருக்கும் தெரியாது. ஆகவே பொறிக்கு முன்னாலும் நிற்காதீர்கள், பின்னாலும் நிற்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். பார்க்க வந்த சிறுவர்களையும் அப்படியே நிறுத்துங்கள். எடையைத் தூக்கி வைத்த பிறகு அந்த இடத்துக்கு நீங்களே பொறுப்பு.